மருத்துவத் தன்னாட்சி

மருத்துவத் தன்னாட்சி என்பது நோயறிதல், மருந்துத் தேர்வு, சிகிச்சை முறை ஆகியவற்றைத் தம் பயிற்சியின் அடிப்படையில் தீர்மானிக்க மருத்துவருக்குள்ள உரிமை. உலக மருத்துவச் சங்கம் 1987-இல் மட்ரிட் பிரகடனத்திலும் 2008-இல் சியோல் பிரகடனத்திலும் இதை வலியுறுத்தியது.

மருத்துவமனை விதிகள் இவ்வுரிமைக்கு எல்லை வகுக்கின்றன. அவற்றுள் பாதுகாப்பு விதி வேறு, வருமான இலக்கு வேறு. முன்னது நோயாளியைக் காக்கிறது. பின்னது மருத்துவரின் தீர்ப்பையே வளைத்துவிடக்கூடியது.

பாதுகாப்பு விதிக்குச் சிறந்த சான்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள். பெரிய இரத்தக்குழாயில் குழாய் செருகுமுன் கை கழுவுதல், தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைத்தல், நோயாளியை முழுதும் கிருமியற்ற துணியால் மூடுதல் போன்ற படிகளை மருத்துவர் பீட்டர் புரோனோவோஸ்டின் குழு கட்டாயமாக்கியது. படி தவறினால் செவிலியரே மருத்துவரை நிறுத்தலாம்; அவசர நிலைக்கு மட்டும் விலக்கு. அதிகாரப் படிநிலை இறுகிய ஒரு துறையில் இது துணிச்சலான ஏற்பாடு. நோயாளிகள் குழாயுடன் இருந்த ஒவ்வோர் ஆயிரம் நாட்களுக்கும் 2.7 ஆக இருந்த இடைநிலைத் தொற்று விகிதம் மூன்றே மாதங்களில் பூஜ்ஜியமானதாக 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. எந்த நோயாளிக்குக் குழாய் தேவை என்பதை அப்போதும் மருத்துவரே முடிவு செய்தார்.

இந்தியாவில் மருத்துவத் தன்னாட்சி குறித்த சர்ச்சை மருந்துச் சீட்டைச் சுற்றியே அதிகம். மருந்தின் பொதுப்பெயரை எழுதுமாறு மருத்துவர் நடத்தை குறித்த 2002 ஒழுங்குமுறைகளே கூறின. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதைக் கடுமையாக்கியபோது இந்திய மருத்துவச் சங்கம் எதிர்த்தது. அதே மாதம் 23-ஆம் தேதி புதிய ஒழுங்குமுறைகள் நிறுத்திவைக்கப்பட்டன.