சங்கிலியில் காணாமற்போனவர்கள்

‘கேஜ்ட்’ (1950) படத்தை எப்போது பார்த்தாலும் என் மனம் அந்தப் பூனைக்குட்டியிடம் போய் நின்றுவிடுகிறது. கணவன் செய்த 40 டாலர் கொள்ளைக்கு உடந்தை என்று சிறைக்கு வருகிறாள் மேரி ஆலன். வயது 19, கர்ப்பிணி. சிறையில் பெற்ற குழந்தையை அவளுடைய தாயே ஏற்க மறுக்க, அது தத்துக்குப் போகிறது. பிறகு கையில் கிடைத்த பூனைக்குட்டியையும் காவலர் ஹார்ப்பர் பிடுங்க வருகிறாள். கலவரத்தில் குட்டி செத்துப்போகிறது. மேரிக்குக் கிடைக்கும் தண்டனை, மொட்டை.

திரைக்கதையை எழுதியவர்களில் ஒருவரான வர்ஜீனியா கெல்லாக், கைதியைப்போலச் சிறைகளுக்குள் தங்கிப் பார்த்து எழுதியவர். 1933இல் வந்த ‘லேடீஸ் தே டாக் அபவுட்’ படத்தின் மூல நாடகத்தை எழுதியவர்களில் ஒருவரான டோரதி மக்கேயோ சான் குவென்டினில் உண்மையாகவே தண்டனை அனுபவித்தவர். உள்ளே இருந்த பெண்களின் சொல் ஹாலிவுட்டுக்குள் நுழைந்தது சிறிய விஷயமில்லை. ஆனால் எந்தப் பெண்களின் சொல்?

‘கேஜ்ட்’ கதையில் நம் நினைவில் நிற்கும் கைதிகள் எல்லோரும் வெள்ளைப் பெண்கள். 1933 படத்தில் ஒரு கறுப்பினக் கைதி உண்டு. நடித்தவர் மேடம் சுல்-டெ-வான். பாத்திரத்தின் பெயர் ‘மஸ்டர்ட்’, அதாவது கடுகு. நாயகி பார்பரா ஸ்டான்விக்குக்கு ஒரு பெயரும் ஒரு கடந்தகாலமும் ஒரு காதலும் இருக்கின்றன. இவருக்கு அஞ்சறைப்பெட்டிப் பெயர் மட்டும்.

ஆண்களின் சிறைப்படங்களில் கறுப்பருக்கு வேறொரு வேலை. ‘ஐ ஆம் எ ஃப்யூஜிடிவ் ஃப்ரம் எ செயின் கேங்’ (1932) படத்தில் வெள்ளை நாயகன் தப்பிப்பதற்காக, செபாஸ்டியன் என்னும் கறுப்பினக் கைதி சம்மட்டியால் அவனுடைய கால்விலங்கை அடித்து வளைத்துக் கொடுக்கிறான். நாயகன் ஓடுகிறான். சம்மட்டி பிடித்தவன் அங்கேயே இருக்கிறான். கதை அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ராபர்ட் பர்ன்ஸின் மூல நூல் தலைப்பில் ஜார்ஜியா என்ற பெயர் இருந்தது. படத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

அந்த ஜார்ஜியாவுக்குத்தான் நான் வர நினைத்தேன். சங்கிலிக் கூட்டம் என்றால் நம் கண்ணில் வருவது ஆண்கள்தானே? எனக்கும் அப்படித்தான் இருந்தது, வரலாற்றாசிரியர் சாரா ஹேலியின் ஆய்வைப் படிக்கும்வரை. 1908 முதல் 1938 வரை ஜார்ஜியாவில் சங்கிலிக் கூட்டத்துக்கு அனுப்பப்பட்ட வெள்ளைப் பெண்கள் 4 பேர். கறுப்பினப் பெண்கள் ஏறத்தாழ 2000 பேர். ‘பெண்’ என்பதற்காகக் காட்டப்பட்ட இரக்கம் யாருக்கு உரியதாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கெல்லாக் காட்டிய கொடுமை பொய்யில்லை. அதைவிடக் கொடியது ரோட்டில், வெயிலில் நடந்துகொண்டிருந்தது. அங்கே கேமரா போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்குத் தெற்கு மாநிலத் திரையரங்குகளின் வசூலும் ஒரு காரணம். 1947இல் மெம்பிஸ் நகரத் தணிக்கைக் குழு ‘கர்லி’ என்ற படத்தைத் தடை செய்தது. குற்றம்: கறுப்பு, வெள்ளைக் குழந்தைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பறைக்கே இந்தக் கதி என்றால், ஒரே சிறையறையை எந்தத் தயாரிப்பாளர் காட்டத் துணிவார்?

மேடம் சுல்-டெ-வான் 1959இல் இறந்தார். ‘பர்த் ஆஃப் எ நேஷன்’ (1915) காலத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடித்தவர். அவர் நடித்த பல படங்களின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை.