குடியாத்தம் இடைத்தேர்தல், 1954

சென்னை மாநில முதலமைச்சராகப் பொறுப்பேற்ற கு. காமராஜ், சட்டமன்ற உறுப்பினர் ஆவதற்காக வட ஆற்காடு மாவட்டம் குடியாத்தம் தொகுதியில் நின்று வென்ற தேர்தல்.

இதன் வேர் 1952இல் இருக்கிறது. அந்தப் பொதுத்தேர்தலில் 375 இடங்களில் 152 மட்டுமே பெற்ற காங்கிரஸ், பெரும்பான்மை இல்லாமல் தவித்தது. சிதம்பரம், கடலூர் அடங்கிய தென்னாற்காட்டில் எஸ். எஸ். இராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி காங்கிரசுக்குப் பலத்த அடி கொடுத்து, மொத்தம் 19 இடங்களைப் பிடித்தது. ராஜாஜி மேலவை நியமன உறுப்பினராகி முதல்வரானார். மக்களிடம் வாக்குக் கேட்கவில்லை என்ற குறை அவர் ஆட்சி முழுதும் பேசப்பட்டது. பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் மீதிநேரம் பெற்றோர் தொழிலிலும் கழிக்கவேண்டும் என்ற அவரது திட்டம், 'குலக்கல்வி' என்ற பெயரில் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. 1954இல் அவர் விலகினார்.

காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் சி. சுப்பிரமணியத்தை வென்ற காமராஜ், ஏப்ரல் 13இல் பதவியேற்றார். தோற்றவரையும் அமைச்சராக்கினார், படையாட்சியாரையும் சேர்த்துக்கொண்டார்.

காமராஜ் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரின் மக்களவை உறுப்பினர். ஆறு மாதத்துக்குள் மாநிலச் சட்டமன்றத்தின் ஏதாவதொரு அவையில் உறுப்பினராகாவிட்டால் பதவி போய்விடும். மேலவை வழி திறந்தே இருந்தது. அவர் அதை நாடாமல், சொந்த ஊரான விருதுநகரிலிருந்து வெகுதூரத்தில் உள்ள குடியாத்தத்தில் வாக்காளர்முன் போய் நின்றார். இந்தத் தேர்தலின் பெருமை முதலில் இந்த முடிவில்தான் இருக்கிறது.

காங்கிரசை விட்டு 1925இல் வெளியேறிய பெரியார், காங்கிரஸ் முதல்வருக்காக ஆதரவு திரட்டினார். அன்று தேர்தல் களத்துக்கே வராத தி.மு.க.வும் அண்ணாவின் முடிவுப்படி காமராஜை ஆதரித்தது. குலக்கல்வித் திட்டத்தைப் புதிய அரசு கைவிட்டது இருவரையும் அவர் பக்கம் சேர்த்தது. எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. கே. கோதண்டராமன். காமராஜ் பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

படையாட்சியாரின் கட்சி காங்கிரசோடு கலந்தது. காமராஜ் 1957இல் சாத்தூருக்கு மாறினார். அதே தேர்தலில் குடியாத்தத்தில் கோதண்டராமன் வென்று சட்டமன்றம் சென்றார்.