மானிப்பாய்த் தமிழ், வேலூர்ப் பெண்கள்

மிஷனரிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம்மவர்கள் முதலில் சொல்வது தியாகம். கடல் கடந்து வந்தார், காய்ச்சலில் கிடந்தார், சொந்தக் குழந்தையை இந்த மண்ணில் புதைத்தார். எல்லாம் உண்மை. இருந்தாலும், இரண்டு மருத்துவ மிஷனரிகளை மறுபடி மறுபடி நினைக்கும்போது என் மனம் வேறோர் இடத்தில் போய் நிற்கிறது. தங்கள் கையிலிருந்த வித்தையை யாரிடம் ஒப்படைப்பது என்று அவர்கள் முடிவெடுத்த இடம் அது.

ஒருவர் யாழ்ப்பாணம் மானிப்பாயில் வேலை செய்த சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884). மற்றவர் வேலூரின் ஐடா ஸ்கடர் (1870-1960). இருவரும் அமெரிக்கர்கள். நேரில் சந்தித்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் ஒரு நூல் இவர்களைச் சேர்க்கிறது. ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாய்க்குக் கிட்டத்தில் உள்ள பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தவர். பிறகுதான் அவர் சென்னைக்குப் பெயர்ந்தார்.

கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்டார். நோயாளிகள் பெருகப் பெருக, ஒரு மருத்துவர் போதாது என்று தெரிந்துபோனது. உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். அங்கேதான் சிக்கல். ஆங்கிலம் படித்த வைத்தியர் அரசாங்க உத்தியோகம் தேடிப் பட்டணத்துக்குப் போய்விட்டார். கிராமத்துக்கு ஆள் இல்லை. கிறீன் இதைக் கூர்ந்து பார்த்தார். 1864இல் தமிழிலேயே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார்.

சொல்வதற்கு எளிது. வகுப்புக்குப் புத்தகம் வேண்டாமா? அவரும் அவருடைய மாணவர்களுமாக உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். பிள்ளைப்பேறுக்குப் ‘பிரசவ வைத்தியம்’, அறுவை சிகிச்சைக்கு ‘இரண வைத்தியம்’, நோய்களுக்கு ‘வைத்தியாகரம்’, உடலமைப்புக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’. கடைசியாகச் சொன்னது கிரேயின் உடற்கூற்று நூல். 1872இல் தமிழில் அச்சாகிவிட்டது. வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. ஆனால் அதைச் சூட்டியவரின் தவிப்பு எனக்குப் புரிகிறது. எலும்புக்கும் நரம்புக்கும் நம்மிடம் சொல் உண்டு. ஆய்வுக்கூடத்துக் குப்பியில் இருப்பதை என்னவென்று சொல்வது? தமிழில் இருந்ததைத் தமிழில் எடுத்தார், வடமொழியில் கிடைத்ததை அங்கிருந்து எடுத்தார், இரண்டிலும் இல்லாததற்கு ஆங்கிலச் சொல்லையே தமிழ் வாய்க்குப் பழக்கினார். மாணவர்கள் கோட்டும் காற்சட்டையும் போட்டு வெள்ளைக்காரர் சாயலில் திரிவதை அவர் விரும்பவில்லை. கிறிஸ்தவர் ஆகட்டும், தமிழராகவே இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். மதம் மாற்றும் நோக்கம் அவருக்குத் தெளிவாகவே இருந்தது. அதை மறைத்து அவரைப் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஐடாவின் கதை பலருக்கும் தெரியும். ராணிப்பேட்டையில் பிறந்தவர், மிஷனரியாகவே கூடாது என்றிருந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், இன்னொருவர் வேறு சாதி இந்து. மூவருடைய மனைவியும் பிரசவ வேதனையில். தன் அப்பா டாக்டர், அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிப் போனார்கள். பொழுது விடிந்தபோது தெருவில் பறையொலி கேட்டது. மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

பக்கத்து அறையிலேயே மருத்துவர் இருந்தார், மருந்து இருந்தது. நோயாளிக்கும் அவருக்கும் நடுவே ஒரு வீட்டு நிலைப்படி இருந்தது, அவ்வளவுதான். அதைத் தாண்டக்கூடியவர் பெண் ஒருத்திதான் என்று ஐடா கண்டுகொண்டார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்தார். 1902இல் ஷெல் நினைவு மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அந்தப் பள்ளியின் முதல் தொகுதியில் இறுதித் தேர்வு எழுதிய 14 பெண்களும் தேறினார்கள்.

இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இருவர் கேட்ட கேள்வியும் ஒன்றே: நோயாளி வரை யார் போய்ச் சேர முடியும்? கிறீனுக்கு நடுவில் நின்றது ஆங்கிலம். ஐடாவுக்கு நடுவில் நின்றது ஆண் என்ற அடையாளம். ஒருவர் மொழியை மாற்றினார், ஒருவர் ஆளை மாற்றினார். கேட்ட கேள்வி ஒன்றாக இருந்தும் விளைந்தது ஒன்றாக இல்லை. வேலூர் வளர்ந்தது. அரசின் கல்வி விதிகள் மாறியபோது, எழுபது வயதில் அமெரிக்கா போய் நிதி திரட்டினார் ஐடா. பள்ளி பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியானது. 1947இல் ஆண்களும் சேர்ந்தார்கள். அதன் முதல் இந்திய இயக்குநராக ஹில்டா லாசரஸ் வந்தார். சான்றிதழுக்கு மதிப்பில்லாவிட்டால் பெண் டாக்டருக்கும் மதிப்பிருக்காது என்று ஐடா அறிந்திருந்தார். அதனால் பட்டத்தின் மொழியான ஆங்கிலத்தை அவர் விடவில்லை.

கிறீனுக்கு அந்தப் பின்பலம் அமையவில்லை. 60க்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். ஆனால் 1870இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி திறந்தது. உத்தியோகமும் அந்தஸ்தும் அந்தப் பக்கம் இருக்கையில் தமிழ்வழி வகுப்பு எத்தனை நாள் தாங்கும்? மானிப்பாயில் மருத்துவமனை இன்றும் கிறீன் பெயரைத் தாங்கி நிற்கிறது, தமிழ் வகுப்புதான் இல்லை.

இதை வைத்து கிறீன் தோற்றார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிறவர் கையில் கொடுக்கும் காகிதத்தைப் பாருங்கள். தன் உடம்பைப் பற்றி எழுதியிருப்பதைத் தான் படிக்க முடியாமல், ஆங்கிலம் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் நீட்டுகிறார். வீட்டு நிலைப்படியை வேலூர்ப் பெண்கள் தாண்டிவிட்டார்கள். இந்தக் காகிதத்தை இன்னும் யாரும் தாண்டவில்லை.

கிறீன் 1873இல் உடல் தளர்ந்து ஊர் திரும்பினார். அங்கேயும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. உடலியக்க நூலான ‘மனுஷ சுகரணம்’ 1883இல் அச்சாகி வந்தது. அப்போது அவர் மானிப்பாயை விட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன, கொழும்பில் ஆங்கில வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மறு ஆண்டு மே மாதம் அவர் காலமானார்.