அட்ஜெக்டிவ் தனிக்குடித்தனம் போன கதை

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தமிழ் மீடியம் நண்பர்கள் பலருக்கு அட்ஜெக்டிவ் என்றாலே உதறல். "தமிழ்ல அது கிடையாதே, எப்படிப் புரியும்?" என்பார்கள். பேச்சில் பாதி உண்மை. தொல்காப்பியத்தில் பெயர், வினை, இடை, உரி என நான்கே வகை. 1856-ல் வந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல்லும், நம் மொழிகளில் அந்த வேலையைப் பெயர்ச்சொல்லும் பெயரெச்சமும்தான் செய்கின்றன என்கிறார்.

ஆனால் வெள்ளைக்காரனிடம் மட்டும் ஆதியிலிருந்தே இருந்ததா என்ன? லத்தீனில் அது பெயர்ச்சொல் போலவே பால், எண், வேற்றுமைக்கு விகுதி மாற்றும். அதனால் பெயர்ச்சொல்லில் ஒரு வகை என்றே வைத்தார்கள். 16-ம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பள்ளிகளில் ஓடிய லில்லியின் லத்தீன் இலக்கணத்திலும் அதே கதைதான்.

பழைய ஆங்கிலமும் விகுதி மாற்றிய மொழியே. அதெல்லாம் மெல்ல உதிர்ந்துவிட்டது. இன்று ஒரு பையனுக்கும் 'குட்', பத்துப் பையன்களுக்கும் அதே 'குட்'. நம்ம 'நல்ல' மாதிரியேதான்! அட்ஜெக்டிவைத் தனி வகையாகப் பிரிப்பது ஆங்கில இலக்கணங்களில் பரவியது 18-ம் நூற்றாண்டில். 1795-ல் வெளியான லிண்ட்லி மர்ரேயின் புத்தகத்தில் அது தனி வகை. (காமர்ஸ் பாஷையில் சொன்னால், தொகை அதே, லெட்ஜரில் தலைப்புதான் வேறு.)

திண்டிவனத்தையே பாருங்கள். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். இங்கிலீஷில் 'டாமரிண்ட் ஃபாரஸ்ட்'. முன்னால் நிற்கும் 'டாமரிண்ட்' பெயர்ச்சொல்தான், பார்க்கிற வேலை அட்ஜெக்டிவ் வேலை.