முன்துக்கம் (பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புதினத்தில்)

சாவு வருமுன்னரே தொடங்கிவிடும் துயரம் முன்துக்கம் எனப்படும். மனநல மருத்துவர் எரிக் லிண்டமன் 1944இல் இதை ஆய்வுக்குரிய பொருளாக்கினார். தமிழில் இதன் வரலாறு புறநானூற்றிலேயே தொடங்குகிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது (உண்ணாநோன்பால் உயிர்விடத் துணிந்தபோது) உடன் உயிர்விட வந்த புலவர் பொத்தியாரை, அவர் மனைவி கருவுற்றிருந்ததால், மகன் பிறந்தபின் வரும்படி திருப்பி அனுப்பினான். உறையூர் மீண்ட புலவர், யானையை இழந்து வெறும் கட்டுத்தறியைப் பார்த்து அழும் பாகனாகத் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். அப்பாட்டின் துறை, இறந்தவர்க்கு இரங்கும் கையறுநிலை. ஆயினும், வடக்கிருந்தவனைக் கண்டு மீண்டபின் பாடியது என்று பழங்குறிப்பு சொல்வதால், இதை முன்துக்கப் பாட்டாகவே கொள்ள வேண்டும். பின்னர் மகன் பிறந்ததும் பொத்தியார் திரும்பிச் சென்று, சோழனின் நடுகல் அருகே இடம் கேட்டு உயிர்விட்டார்.

ஐரோப்பியப் புதினம் இத்துயரைத் தொடர்கதையாக விற்றது. 1840–41இல் டிக்கன்ஸின் சிறுமி நெல் வாரந்தோறும் நலிந்துவந்தபோது, அவளைச் சாகவிடாதீர்கள் என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள்.

தென்னிந்தியாவில் முன்துக்க எழுத்துக்குத் தக்க சான்று, ஆங்கிலத்தில் நாவல் எழுதிய கிருபாபாய் சத்தியநாதன் (1862–1894). அகமதுநகரில் பிறந்த மராத்தியக் கிறித்தவரான இவர் நெல்லைச் சீமைக் குடும்பத்தில் மருமகளானார். மாமனார் டபிள்யூ. டி. சத்தியநாதன் பாளையங்கோட்டையை அடுத்த சிந்துபூந்துறைக்காரர். மாமியார் அன்னாள், கடாட்சபுரத்தில் ஊழியம் செய்த ஜான் தேவசகாயம் போதகரின் மகள். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த கிருபாபாய், உடல்நலம் கெட்டு ஓராண்டிலேயே படிப்பை விட்டார். ஒரே குழந்தையும் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்தது.

தன்வரலாற்றுப் புதினமான ‘சகுணா’ 1887–88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. தங்கையைப் படிக்கத் தூண்டிய அண்ணன் பாஸ்கர் இளமையில் மறைவதே அதன் உயிர்ப்பகுதி. ‘கமலா’ (1894) நோய் முற்றிய நிலையில் எழுதப்பட்டது. அதில் நாயகி கமலாவின் கணவன் கணேஷ் காலராவில் இறக்கிறான்; பெண்குழந்தையும் போகிறது. பின்னர் ராமச்சந்தர் என்பவன் மணக்கக் கேட்டும் கமலா மறுத்து அறப்பணியில் இறங்குகிறாள். இதை வழக்கத்துக்கு அஞ்சிய மறுப்பு என்பாரும் உண்டு. துயரின் முதிர்ச்சி என்பதே பொருத்தம். தம் மகவை இழந்து, தம் சாவையும் எதிர்நோக்கியிருந்தவர் எழுதிய முடிவு அது.

இதற்கு மாறாக, அதே காலத்தில் வந்த பி. ஆர். ராஜமய்யரின் தமிழ் நாவல் ‘கமலாம்பாள் சரித்திரம்’ (1893–95) துயரை வேதாந்தத்தில் கரைத்துவிடுகிறது. அவரும் 1898இல், இருபத்தாறு வயதில் காலமானார்.

கிருபாபாயின் இரு நாவல்களும் 1896இல் தமிழில் வந்தன. ஆங்கில மூலங்களை 1998இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் மறுபதிப்பாக வெளியிட்டது.