பேராயர் வீட்டில் ஓர் இமாம்

1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'நோஸ்ட்ரா எத்தாத்தே' அறிக்கையை வெளியிட்டது. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் பழம்பகையை மறந்து அமைதிக்காகச் சேர்ந்து உழைக்கட்டும் என்றது அது. அந்தச் சொல்லை உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய ஊர், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகரான பாங்குயி. 2013 மார்ச்சில், பெரும்பாலும் முஸ்லிம்களைக் கொண்ட செலெக்கா கிளர்ச்சிப் படை அதிபர் பொசிசேயை விரட்டிவிட்டு ஆட்சியைப் பிடித்தது. கொள்ளையும் கொலையும் தொடர்ந்தன. பதிலுக்குக் கிளம்பிய ஆன்ட்டி பலாக்கா குழுக்கள் டிசம்பர் 5-ல் தலைநகரைத் தாக்கின. செலெக்காவின் பாவத்துக்கு, அதில் சேராத முஸ்லிம் குடும்பங்கள் விலை கொடுத்தன. நாட்டு முஸ்லிம்களின் தலைவரான இமாம் ஓமர் கோபைன் லயாமாவும் குடும்பத்தோடு வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பேராயர் தியுதோனே ன்சாபலைங்கா தம் இல்லத்தில் அவர்களைத் தங்கவைத்தார். ஓரிரு நாள் விருந்தோம்பலாக அது முடியவில்லை, மாதக்கணக்கில் நீண்டது.

'அது மதப்போரே இல்லை. அதிகாரத்துக்கும் வைரத்துக்கும் தங்கத்துக்கும் நடந்த சண்டை. அதில் மதகுருக்களுக்கு என்ன வேலை?' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியின் முதல் பாதி முற்றிலும் சரி. அதனால்தான் அவர்களுக்கு வேலை இருந்தது. மதத்தின் பேரைச் சொல்லித்தான் ஆள் சேர்த்தார்கள். அண்டை வீட்டுக்காரனை எதிரியாகக் காட்டினார்கள். 'எங்கள் மதம் இதற்குப் பொறுப்பல்ல' என்று வெளிநாட்டுத் தூதர் சொன்னால் எடுபடாது. பேராயரும் இமாமும் புராட்டஸ்டண்ட் போதகர் நிக்கோலா கெரெகோயாமேயும் ஒன்றாக ஊர் ஊராகப் போய்ச் சொன்னபோது, ஆயுதக் குழுக்கள் போர்த்தியிருந்த மதப்போர்வை கிழிந்தது. 2015 நவம்பர் 29-ல் அங்கு வந்த போப் பிரான்சிஸ், ரோமில் திறப்பதற்கு முன்பே பாங்குயி பேராலயத்தில் யூபிலி ஆண்டுக்கான புனிதக் கதவைத் தம் கையால் தள்ளித் திறந்தார். மறுநாள், முஸ்லிம்கள் முற்றுகைக்குள் வாழ்ந்த பிகே-5 பகுதிப் பள்ளிவாசலுக்குச் சென்றார்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு: இத்தனைக்குப் பிறகும் ரத்தம் நிற்கவில்லையே? உண்மைதான். 2018 மே 1-ல் பாங்குயியின் ஃபாத்திமா மாதா ஆலயத்தில் திருப்பலி நடக்கும்போதே தாக்குதல் நடந்து, குருவானவர் ஒருவரும் பலியானார். 2019 பிப்ரவரியில் அரசும் 14 ஆயுதக் குழுக்களும் செய்துகொண்ட ஒப்பந்தமும் மீறப்பட்டது. ஆனால் துப்பாக்கியைப் பறிக்கும் அதிகாரம் மதத்தலைவர்களிடம் என்றுமே இருந்ததில்லை. அது அரசின் கடமை. அரசு தவறியதற்கு இவர்களைத் தோற்றவர்கள் என்பது நியாயமாகாது. அவர்கள் கையில் இருந்தது, தம் மக்கள் கொலைக்குக் கடவுளைச் சாட்சிக்கு அழைக்கவிடாமல் தடுக்கும் வேலை. அதை அவர்கள் அச்சமின்றிச் செய்தார்கள்.

ன்சாபலைங்கா 2016-ல், 49 வயதில் கர்தினால் ஆனார். அவர் வீட்டில் அடைக்கலம் புகுந்த இமாம் 2020 நவம்பரில் காலமானார்.