வேலி பயிரை மேயாமல் காக்கும் காவலர்கள்

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நாம் அடிக்கடி சொல்வதுண்டு. அரசியல் எழுதிய காலத்தில் நானும் அப்பழமொழியைப் பலமுறை கையாண்டிருக்கிறேன். நோய்க்கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்கும் நிர்ப்பீடனத் தொகுதி சில வேளைகளில் நமது உடலையே தாக்குகிறது. அதனைத் தடுப்பதற்கென உடலுக்குள் தனியான காவற்படையொன்று இருக்கிறது. அப்படையை இனங்கண்ட மூவருக்கு 2025 ஒக்டோபர் 6 ஆம் திகதி மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. கலைப்பட்டதாரியான என்னைப் பரிசைவிட அதிகம் ஈர்த்தது, இடையில் விஞ்ஞான உலகமே அப்படையைக் கைவிட்டிருந்தது என்ற செய்திதான்.

கதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் ஆரம்பிக்கிறது. போல் ஏர்லிக் ஓர் ஆட்டின் குருதியை வேறோர் ஆட்டுக்குச் செலுத்தினார். அந்த அந்நியக் குருதிக்கு எதிராகப் பிறபொருளெதிரிகள் தோன்றின. தன் சொந்தக் குருதிக்கு எதிராக எந்த ஆடும் அவற்றை உருவாக்கவில்லை. தன்னையே நஞ்சூட்டிக்கொள்ள உடல் அஞ்சுகிறது என்று அவர் விளக்கினார். அப்படித் தாக்குதல் நிகழவே முடியாது என்று பலர் அதனைப் பொருள்கொண்டனர். 1904 இல் வியன்னாவில் டொனாத், லாண்ட்ஸ்டெய்னர் ஆகிய இருவரும் தன் குருதியையே அழிக்கும் நோயொன்றை விளக்கிக் காட்டிய பின்னரும் அந்த நம்பிக்கை எளிதில் அகலவில்லை.

1961 இல் இலண்டனில் ஜாக் மில்லர், நெஞ்சறையிலுள்ள தைமஸ் சுரப்பியே நிர்ப்பீடனத்தின் முக்கிய உறுப்பு என நிறுவினார். அங்கு முதிர்வடையும் வெண்கலங்களே பின்னர் ‘ரி’ கலங்கள் எனப் பெயர்பெற்றன. அச்சுரப்பியை அகற்றினால் எதிர்ப்புச் சக்தி குறைய வேண்டும். ஆனால் 1969 இல் ஜப்பானில் நிஷிசூக்கா, சக்காகுரா ஆகிய இருவரும் பிறந்து மூன்று நாட்களான சுண்டெலிகளிலிருந்து அதனை அகற்றியபோது அவற்றின் சூலகங்கள் அழிந்தன. அது தன்னுடலையே தாக்கும் நோய் என்பது பிற்பாடுதான் தெளிவாயிற்று.

மறு ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கேர்ஷனும் கொண்டோவும், எதிர்ப்பைத் தூண்டும் ‘ரி’ கலங்கள் போலவே அதை அடக்கும் ‘ரி’ கலங்களும் உள்ளன என்றனர். 1970களில் ‘அடக்கும் கலங்கள்’ பற்றிய ஆய்வுகள் குவிந்தன. அவற்றுக்குரிய பரம்பரையலகு இன்ன இடத்தில் இருக்கிறது என்றும் ஆய்வாளர்கள் குறித்தனர். 1983 இல் மூலக்கூற்று உயிரியலாளர் அவ்விடத்தைத் துருவிப் பார்த்தபோது, அப்படியொரு பரம்பரையலகு அங்கே இருக்கவில்லை. கேர்ஷனும் அவ்வாண்டிலேயே காலமானார். ‘அடக்கும் கலம்’ என்ற சொல்லே நகைப்புக்குரியதாயிற்று. முகவரி பிழை என்பதற்காக ஆளே இல்லை என்று முடிவுகட்டி விட்டார்கள்.

ஒருவர் மட்டும் அவ்வாறு முடிவுகட்டவில்லை. நகோயாவில் நிஷிசூக்காவின் ஆய்வு வழியைத் தொடர்ந்த ஷிமோன் சக்காகுச்சி, சுகதேகியான எலிகளின் ‘ரி’ கலங்களைச் செலுத்தினால் தைமஸ் இழந்த எலிகளைக் காப்பாற்றலாம் என்று கண்டிருந்தார். அக்கலங்களின் அடையாளத்தைத் தேடுவதில் பத்தாண்டுக்கு மேல் கழிந்தது. 1995 இல் சி.டி. 25 என்ற புரதத்தைத் தாங்கிய கலங்களே அவை என்று அறிவித்தார். அவற்றை நீக்கினால் பல உறுப்புகளில் நோய் தோன்றியது. திருப்பிச் செலுத்தினால் நோய் தடுக்கப்பட்டது. ‘அடக்கும்’ என்ற பழைய சொல் போய், ‘ஒழுங்காக்கும்’ என்ற புதிய சொல் வந்தது.

அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் ஆய்வுகூடத்தில் 1949 இல் செதில் தோலுடன் சில ஆண் எலிகள் பிறந்து, சில வாரங்களிலேயே மடிந்திருந்தன. அவ்வினத்தில் பழுதடைந்திருந்த பரம்பரையலகை மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் 2001 இல் கண்டறிந்தனர். அதுவே பொக்ஸ்பி-3. அதே பழுது ஆண் குழந்தைகளிலும் கொடிய நோயொன்றை உண்டாக்குவது தெரியவந்தது. சக்காகுச்சியின் காவற்கலங்களை உருவாக்குவது இந்தப் பரம்பரையலகே என்பது 2003 இல் உறுதியாயிற்று. முகவரி கிடைத்துவிட்டது.

இதன் அண்மைக்கால அத்தியாயம் நிணநீர்க்கணுவின் நுண்ணறைகளில் நிகழ்கிறது. பிறபொருளெதிரிகளைத் தயாரிக்கும் ‘பி’ கலங்கள் அங்கே தம் பரம்பரையலகுகளை எழுமாறாக மாற்றிப் பார்க்கின்றன. கிருமியை இறுகப் பற்றும் கலத்தை உதவி ‘ரி’ கலங்கள் தெரிந்தெடுத்து வளர்க்கின்றன. இந்தச் சூதாட்டத்தில் நம் உடலையே பற்றும் பிறபொருளெதிரியும் உருவாகிவிடலாம். லூப்பஸ் நோயாளியின் உடல் தன் டி.என்.ஏ.க்கே எதிராகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்குவது இத்தகைய கேடுதான்.

அங்கும் காவலர் உண்டு என்பதை 2011 இல் அவுஸ்திரேலியாவில் கரோலா வினுவேசாவுடன் பணியாற்றிய மிஷெல் லின்டர்மன் குழுவினரும், அமெரிக்காவில் சென் டொங் குழுவினரும் ஒரே காலத்தில் வெளியிட்டனர். நுண்ணறை ஒழுங்காக்கிக் கலங்கள் என்று இவற்றைச் சொல்லலாம். இவை பெரும்பாலும் பொக்ஸ்பி-3 காவற்படையிலிருந்தே தோன்றுகின்றன. ஆனால் உதவிக் கலங்களுக்குரிய பி.சி.எல். 6 என்ற சீருடையையும் அணிந்துகொண்டு நுண்ணறைக்குள் நுழைகின்றன. இவை குறைந்த எலிகளில் தன்னுடலுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் தோன்றுகின்றன. மறுபுறம், இவற்றின் கை மிகையாக ஓங்கினால் தடுப்பூசிக்கான துலங்கலும் மங்கக்கூடும்.

2017 இல் போர்த்துக்கேய ஆய்வாளர் ஒரு புதிரை எடுத்துரைத்தனர். கண்ணையும் வாயையும் வரளச்செய்யும் ஷோக்ரன் நோயாளிகளின் குருதியில் இக்காவலர் குறையவில்லை, அதிகமாகவே இருந்தனர். குருதியில் உலவுபவர்கள் முழுமையாகப் பயிற்சி பெறாதவர்கள் என்பதே அவர்கள் தந்த விளக்கம். தலையெண்ணிக்கையைக் கொண்டு காவலின் வலிமையைக் கணிக்க முடியாது.

பத்திரிகையில் ஒரு செய்தியின் ஓர் அம்சம் பிழைத்தால் முழுச் செய்தியையும் குப்பைக் கூடையில் போடும் வழக்கத்தை நானும் கைக்கொண்டிருக்கிறேன். பிழையைத் திருத்துவது கடமை. அதனோடு சேர்த்து உண்மையையும் எறிந்துவிட்டால் அதன் விலையைக் கொடுப்பவர் வேறு யாரோ. 1983 இல் எறியப்பட்ட உண்மை 1995 வரை ஏறத்தாழக் கேட்பாரற்றுக் கிடந்தது. தன் உடலே தனக்குப் பகையான நோயாளிகளுக்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறிய காலமல்ல.